கணக்கில் 5%, எலும்பில் 43%: கடல் நீர்நாயின் மரபுப் பன்மை எங்கே போனது?

அலையாத்தி (கேள்வி)

வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காகக் குப்பிக்கழுத்து விளைவு பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் உயிரினத் தொகை திடீரென்று சுருங்கி, மிஞ்சிய சிலவற்றிலிருந்து மட்டுமே அடுத்த தலைமுறைகள் வருவதைச் சொல்கிறேன். எடுத்துக்காட்டு, வட பசிபிக் கடல் நீர்நாய்.

கையில் இருக்கும் விவரம் இவ்வளவு. வேட்டைக்கு முன் ஜப்பானின் வடக்கிலிருந்து அலாஸ்கா வழியாக மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை 1.5 லட்சம் முதல் 3 லட்சம் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பீடு. 1741இல் பெரிங்கின் கப்பலில் போனவர்கள் தோலோடு திரும்பியதும் வேட்டை தொடங்கியது. 1911இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு நிறுத்தியபோது எஞ்சியவை 1,000 முதல் 2,000 வரை. அவையும் ஏறத்தாழ 13 சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தன. பழைய எலும்புகளையும் இன்றைய விலங்குகளையும் ஒப்பிட்டு 2002இல் வந்த ஆய்வு, அல்லீல்களில் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) குறைந்தது 62%, எதிர்பார்க்கப்படும் ஹெட்டரோசைகோசிட்டியில் (ஒரு விலங்கின் இரண்டு அல்லீலும் வேறுபட்டிருக்கும் வாய்ப்பு) 43% போய்விட்டதாகச் சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். பாடநூல் சூத்திரப்படி ஒரு தலைமுறைக்கான ஹெட்டரோசைகோசிட்டி இழப்பு 1 ÷ (2 × தொகை). 10 விலங்குகள் மட்டும் மிஞ்சினாலும் இழப்பு 1/20, அதாவது 5%. கலிபோர்னியாவில் மிஞ்சியதாகச் சொல்லப்படும் 50ஐப் போட்டால் வெறும் 1%. 43% எப்படி வந்தது? அல்லீலுக்கு ஓர் எண், ஹெட்டரோசைகோசிட்டிக்கு வேறோர் எண் ஏன்? பல நூறு ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பின் டிஎன்ஏவை எவ்வளவு நம்பலாம்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் குறிப்பை முடித்துவிடலாம்.

தரவுத்தச்சன்

உங்கள் சூத்திரம் சரிதான். அதில் போட்ட எண்கள்தான் சரியில்லை. மூன்று இடங்களில் பிசகு.

முதலாவது, அது ஒரே ஒரு தலைமுறைக்கான இழப்பு. தொகை சிறியதாகவே இருக்கும்வரை அந்த வெட்டு ஒவ்வொரு தலைமுறையும் விழும். 10 விலங்காகவே 10 தலைமுறை ஓடினால் மிச்சம் 0.95இன் 10ஆம் அடுக்கு, அதாவது 0.60. 40% போய்விட்டது. கடல் நீர்நாய்க்குத் தலைமுறை இடைவெளி 7 ஆண்டு என்று வைத்தால் 10 தலைமுறை என்பது 70 ஆண்டு. வேட்டை நடந்த 170 ஆண்டில் 24 தலைமுறை அடங்கும். எல்லாக் கூட்டமும் அவ்வளவு காலம் குறுகிக் கிடக்கவில்லை. ஆனால் பல கூட்டங்கள் பல தலைமுறை கிடந்தன. எவ்வளவு சுருங்கியது என்பதோடு எவ்வளவு காலம் சுருங்கியே கிடந்தது என்பதையும் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். மாணவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இரண்டாவது, சூத்திரத்தில் போட வேண்டியது தலை எண்ணிக்கை இல்லை, பயனுறு தொகை. அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கொடுக்கிறவற்றின் கணக்கு அது. கடல் நீர்நாயில் ஆண் ஒரு கெல்ப் பாசித் திட்டைத் தன் எல்லையாகப் பிடித்துக்கொண்டு, அங்கே வரும் பெண்களோடு சேரும். எல்லை பிடிக்க முடியாத ஆண்கள் ஒதுங்கிக் கூட்டமாகக் கிடக்கும். அதனால் ஒரு பகுதியின் குட்டிகள் பெரும்பாலும் சில ஆண்களுக்கே பிறந்தவை. 50 தலை கொண்ட கூட்டத்தை எடுங்கள். குட்டிகளையும் இளசுகளையும் கழித்தால் 20 பெண், 10 ஆண் என்று வைப்போம். அந்த 10இல் 4 மட்டும் தந்தையாகின்றன. பயனுறு தொகை = 4 × ஆண் × பெண் ÷ (ஆண் + பெண்) = 4 × 4 × 20 ÷ (4 + 20) = 13. ஐம்பது தலை, கணக்கில் பதின்மூன்று!

இப்போது 13ஐ (சரியாகச் சொன்னால் 13.3) சூத்திரத்தில் போடுங்கள். தலைமுறைக்கு 3.8% இழப்பு. 15 தலைமுறையில் மிச்சம் 0.56, இழப்பு ஏறத்தாழ 44%. 2002 ஆய்வின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதை நிரூபணமாக எழுதிவிடாதீர்கள். 4 ஆண், 20 பெண் என்பது விளக்கத்துக்கு நான் வைத்த எண். ஆனால் 43% என்பது நடக்கக்கூடாத ஒன்றில்லை என்று காட்ட இது போதும்.

மூன்றாவது, தொகை ஏறி இறங்கினால் சாதாரணச் சராசரி எடுக்கக்கூடாது; இசைச் சராசரி எடுக்க வேண்டும். ஐந்து தலைமுறையின் பயனுறு தொகை 1000, 1000, 20, 1000, 1000 என்று இருந்தால் சாதாரணச் சராசரி 804. இசைச் சராசரி 5 ÷ (4/1000 + 1/20) = 93. ஒரு மோசமான தலைமுறை மற்ற நான்கையும் கீழே இழுத்துவிடுகிறது.

அல்லீல் 62%, ஹெட்டரோசைகோசிட்டி 43% என்ற வேறுபாட்டுக்கு வருகிறேன். ஒரு மரபிடத்தில், அதாவது டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், 10 அல்லீல் என்று வையுங்கள். இரண்டு மட்டும் 35% வீதம் பரவலானவை. மீதி எட்டும் அரியவை: ஆறு 4% வீதம், இரண்டு 3% வீதம். ஹெட்டரோசைகோசிட்டி என்பது ஒன்றிலிருந்து எல்லா வீதங்களின் வர்க்கங்களின் கூட்டலைக் கழித்தது. இங்கே 0.744. அரிய எட்டும் அழிந்து இரண்டு மட்டும் பாதிக்குப் பாதி நிற்கட்டும்: 0.5. அல்லீலில் 80% போய்விட்டது, ஹெட்டரோசைகோசிட்டியில் 33%தான் போனது. அரிய அல்லீலின் வீதத்தை வர்க்கம் எடுத்தால் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவதால் இந்த அளவுகோல் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

ஓர் அல்லீல் அழியும் வாய்ப்புக்குத் தனிக் கணக்கு: (1 − வீதம்) என்பதன் (2 × மிஞ்சியவை) ஆம் அடுக்கு. 10 விலங்கு மிஞ்சினால், 5% வீதமுள்ள அல்லீல் ஒரே தலைமுறையில் அழிய 36% வாய்ப்பு. 1% வீதமுள்ளது அழிய 82% வாய்ப்பு. 25 விலங்கு மிஞ்சியிருந்தால் 5% வீதமுள்ளது அழிய 8%தான். சுருங்கிய முதல் தலைமுறையிலேயே அரியவை உதிர்ந்துவிடும். ஹெட்டரோசைகோசிட்டி அப்புறம் தலைமுறைக்குத் தலைமுறை மெல்ல வடியும். நோய் எதிர்ப்பு மரபணுக்களில் பின்னாளில் கைகொடுக்கக்கூடியவை அரிய அல்லீல்களாக இருக்கலாம் என்பதால் 62%தான் எனக்குக் கவலை தரும் எண்.

செப்பேடு

தரவுத்தச்சனின் கணக்கோடு உடன்படுகிறேன். எலும்புப் பக்கத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் குறிப்பில் ஒரு திருத்தம் வேண்டும்.

2002 ஆய்வின் பழைய மாதிரிகள் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் மக்கா பழங்குடியினரின் ஓசெட் கிராமத்து அகழ்விடத்திலிருந்து வந்தவை. அந்தக் கடற்கரையின் பழைய நீர்நாய்கள் வேட்டையில் முழுக்க அழிந்துவிட்டன. இன்று அங்கே இருப்பவை அலாஸ்காவின் அலூஷியன் தீவான அம்சிட்காவிலிருந்து 1969, 1970இல் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். ஓசெட் எலும்புகளை ஒப்பிட்டது ஐந்து இன்றைய தொகைகளோடு. ஆக அந்த 43%, ‘இதே கூட்டம், முன்னும் பின்னும்’ என்ற ஒப்பீடு ஆகாது. ‘வேட்டைக்கு முந்தைய ஒரு கூட்டத்துக்கும் இன்றைய கூட்டங்களுக்கும் உள்ள இடைவெளி’ என்று எழுதுங்கள். இடத்துக்கு இடம் இயல்பாகவே இருந்த வேறுபாடும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஒரே இடத்து முன்னும் பின்னும் வேண்டுமென்றால் 2023இல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வைப் பாருங்கள். ஐந்து தொகைகளிலிருந்து 107 இன்றைய நீர்நாய்கள். கூடவே கலிபோர்னியாவின் பழைய மாதிரிகள் மூன்று, ஏறத்தாழ 1,500 ஆண்டு, 200 ஆண்டு பழமையானவை. மூன்று என்பது சிறிய எண், ஆனால் அதே கரையின் மூன்று.

இனி எலும்பு. எங்கே தவறும், அந்தத் தவறு முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய கிராமத்துக் குப்பைமேட்டில் ஒரே விலங்கின் பத்து எலும்பு பத்து இடத்தில் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஒரே உயிரைப் பத்தாக எண்ணிவிடுவோம். அதனால் ஒரே எலும்பின் ஒரே பக்கத்தை மட்டும், உதாரணமாக இடது கீழ்த்தாடை, எடுப்பார்கள். பிறகு மரபணு வகையிலும் ஒத்துப்போகிறவை இருந்தால் ஒன்றை நீக்குவார்கள்.

எலும்பின் மேற்பரப்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி, பிளீச்சில் துடைத்து, புற ஊதா ஒளியில் வைத்து, குறைந்த வேகத் துரப்பணத்தால் நூறு மில்லிகிராம் அளவுக்குத் தூள் எடுப்பது வழக்கம். வேகம் கூடினால் சூடேறி, மிஞ்சியிருக்கும் கொஞ்ச டிஎன்ஏவும் உடையும். கருகிய வாடை வந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும். தூளை ஈடிடிஏ கரைசலில் புரோட்டினேஸ் கே நொதியோடு இரவு முழுக்க ஊறவைத்துச் சுண்ணாம்பைப் பிரித்து, சிலிக்காவில் டிஎன்ஏவைப் பிடிப்பார்கள். ஒவ்வொரு தொகுதியோடும் தூள் போடாத வெற்றுக் குழாய் ஒன்று கூடவே ஓடும். அந்த வெற்றுக் குழாயில் நீர்நாய் டிஎன்ஏ தெரிந்தால் தொகுதி முழுவதும் குப்பைக்கு. இன்றைய நீர்நாய் மாதிரியைத் தொட்ட கை, மேசை, கட்டிடம் எதுவும் பழைய எலும்பின் பக்கம் வரக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

மைக்ரோசாட்டிலைட் (சின்ன டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்) பார்க்கும்போது பெரிய வம்பு அல்லீல் விடுபடல். டிஎன்ஏ நைந்திருப்பதால் இரண்டு அல்லீலில் ஒன்று மட்டும் பெருகி, கலப்பு நிலை (இரு வேறு அல்லீல் கொண்ட) விலங்கு ஒரே அல்லீல் கொண்டதாகத் தெரியும். டிஎன்ஏவை ஒரு முறை பெருக்கிப் பார்ப்பதில் விடுபடும் வாய்ப்பு 30%, எந்த அல்லீலும் சமமாக விடுபடலாம் என்று வைத்தால், இரண்டு முறை ஓட்டியும் ஏமாறும் வாய்ப்பு 0.3 × 0.15 = 4.5%. மூன்று முறை ஓட்டினால் 0.7%. இது ஒரு மரபிடத்துக்கு. எட்டு மரபிடம் பார்த்தால் பிழை கூடிக்கொண்டே போகும். ஆகவே இரண்டு அல்லீலும் தலா இரண்டு முறையாவது தெரிந்தால்தான் கலப்பு நிலை என்று எழுதுவது, ஒன்று மட்டும் தெரிந்தால் இன்னும் பல முறை ஓட்டிப் பார்ப்பது என்று விதி வைப்பார்கள்.

அலையாத்தி கவனிக்க வேண்டியது இதை: விடுபடல் பழைய மாதிரியின் பன்மையைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அப்படியானால் உண்மையான இழப்பு அளந்ததைவிட அதிகமாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் தள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று, கலப்படம், வெளி டிஎன்ஏ வந்தால் இல்லாத அல்லீல் முளைக்கும். மற்றது, குப்பைமேட்டில் பல நூற்றாண்டு எலும்பு ஒன்றாகச் சேர்ந்திருப்பது. பல தலைமுறையை ஒரே மாதிரியாக எண்ணினால் அல்லீல் எண்ணிக்கை சற்று வீங்கும்.

அல்லீல் எண்ணிக்கையை ஒப்பிடும்போது மாதிரி அளவைச் சமமாக்காமல் ஒப்பிட்டால் கதையே மாறிவிடும். 100 விலங்கில் தேடினால் 20இல் தேடுவதைவிட அதிகம் கிடைப்பது இயல்பு. பெரிய மாதிரியிலிருந்து சின்னதன் அளவுக்கே திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இன்றைய விலங்குகளில் மாதிரி எடுப்பது எளிது. பின்துடுப்பின் சவ்வில் அடையாள வில்லை மாட்டத் துளை போடும்போது வெளிவரும் சின்னத் தோல் வட்டத்தையே எத்தனாலில் போட்டு வைப்பார்கள். தாயையும் அதன் குட்டியையும் ஒரே மாதிரியில் சேர்த்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

நெய்தல்வாசி

எண்ணிக்கை மீண்டபின்னும் பன்மை ஏன் மீளவில்லை என்பதைக் களத்துப் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். குறிப்பில் இதற்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். உலகில் வேறு எந்த விலங்கிலும் இவ்வளவு சுத்தமான இயற்கைச் சோதனை கிடைப்பது அரிது.

1911க்குப் பிறகு இரண்டு வகைத் தொகைகள். மிஞ்சிய இடத்திலேயே வளர்ந்தவை ஒரு வகை: கலிபோர்னியா, அம்சிட்கா, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட், குரில் தீவுகள் போன்றவை. 1965 முதல் 1972 வரை பிடித்துக் கொண்டுபோய் விட்டவை இன்னொரு வகை. அம்சிட்காவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்திய காலம் அது. இடமாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

தென்கிழக்கு அலாஸ்காவுக்குச் சுமார் 400. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 89. வாஷிங்டனுக்கு 59. ஒரிகனுக்கு 93. ஒரிகனில் விட்டவை 1980களின் தொடக்கத்துக்குள் மறைந்தே போயின. வாஷிங்டனில் முதல் ஆண்டு 29ஐ நேரே திறந்த கடலில் விட்டார்கள், பல இறந்தன. காரணம் ரோமம். திமிங்கலம், சீலுக்கு இருப்பதுபோல் இதற்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. ஒரு சதுர செ.மீ.க்கு லட்சத்துக்கு மேல் முடி. அதற்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பயணத்தில் கூண்டில் தன் கழிவிலேயே புரண்டு ரோமம் அழுக்கேறினால் காற்று நிற்காது, நீர் தோலைத் தொடும், சில மணி நேரத்தில் உடல் சில்லிட்டுப்போகும். மறு ஆண்டு 30ஐக் கொண்டுவந்தபோது மிதவைக் கூண்டில் சில நாள் வைத்து, ரோமத்தைக் கோதிச் சுத்தம் செய்துகொள்ளவிட்டுப் பிறகு திறந்தார்கள். அப்படியும் அங்கே இனத்தைத் தொடர்ந்தவை வெறும் 10ஆகக்கூட இருந்திருக்கலாம் என்று மதிப்பீடு உண்டு.

இப்போது கலிபோர்னியாவையும் வாஷிங்டனையும் பக்கத்தில் வையுங்கள். கலிபோர்னியாவில் பிக் சர் கரையோரம் சுமார் 50 மிஞ்சின. 1938இல் பிக்ஸ்பி பாலத்தருகே கண்ணில் பட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அங்கே வளர்ச்சி ஆண்டுக்கு 5% அளவைத் தாண்டியதே அரிது. இடமாற்றிய தொகைகளோ தொடக்கத்தில் ஆண்டுக்கு 17 முதல் 20% வரை வளர்ந்தன.

தரவுத்தச்சன் சூத்திரத்திலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் பயனுறு தொகை 10இல் தொடக்கம், தலைமுறை 7 ஆண்டு. ஆண்டுக்கு 20% என்றால் ஒரு தலைமுறையில் 3.6 மடங்கு. ஒவ்வொரு தலைமுறை இழப்பையும் பெருக்கிக்கொண்டே போனால் மொத்த இழப்பு 7% அளவில் நின்றுவிடும். 5% வளர்ச்சி என்றால் தலைமுறைக்கு 1.4 மடங்குதான், மொத்த இழப்பு 16%. தொடங்கியது ஒரே 10, இழப்பு இரண்டு மடங்குக்கு மேல். வேகமாகப் பெருகுவதுதான் பன்மைக்குக் காவல். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து 1999இல் வந்த ஒப்பீடும் இதையே காட்டியது: தொகை எவ்வளவு சிறியதாகியது, எத்தனை ஆண்டு அப்படியே கிடந்தது என்பதோடு ஹாப்லோடைப் (தாய்வழி டிஎன்ஏ வகை) பன்மை பொருந்திப்போனது.

அம்சிட்கா, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற இரண்டு ஊற்றிலிருந்தும் எடுத்துக் கலந்த இடங்கள் ஒரே ஊற்றில் எடுத்த இடத்தைவிடச் சாதகமானவை. ஒரு கூட்டம் இழந்த அல்லீலை இன்னொரு கூட்டம் வைத்திருக்கலாம் அல்லவா. 13 கூட்டமும் வெவ்வேறு சீட்டை இழந்த சீட்டுக்கட்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே எவ்வளவு பெருக்கினாலும் இழந்த சீட்டு வராது. சடுதிமாற்றம் புதிய அல்லீலைத் தரும்தான், ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான தலைமுறை பிடிக்கும். கலிபோர்னியாவில் இன்று 3,000 அளவுக்கு இருப்பவை அந்த 50இன் கைச்சீட்டை வைத்துத்தான் ஆடுகின்றன.

அலையாத்தி

மூவருக்கும் நன்றி. ஓசெட் விஷயத்தைத் திருத்திக்கொண்டேன். இன்னும் இரண்டு கேள்வி. பன்மை குறைந்ததால்தான் கலிபோர்னியா நீர்நாய்கள் நோயில் சாகின்றன, அதனால்தான் வளர்ச்சி மந்தம் என்று எழுதலாமா? அப்புறம், அலாஸ்காவிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து கலிபோர்னியாவில் விட்டால் தீர்ந்துவிடுமா?

நெய்தல்வாசி

முதல் கேள்விக்கு: எழுதாதீர்கள். கலிபோர்னியாவில் சாவுக்குக் காரணமானவை வெளிப்படையாகத் தெரிந்தவை. பூனைக் கழிவிலிருந்து ஓடைவழி கடலுக்கு வரும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி, ஒப்போசம் என்ற பைப்பாலூட்டி வழியாக வரும் சார்கோசிஸ்டிஸ் ஒட்டுண்ணி, பாசிப் பெருக்கத்தின் டொமோயிக் அமில நஞ்சு, வெள்ளைச் சுறாவின் கடி. சுறா இவற்றைத் தின்பதுகூட இல்லை. கடித்துவிட்டு விட்டுவிடும், அந்தக் காயத்திலேயே செத்துப்போகும். பரப்பின் வடக்கு, தெற்கு ஓரங்களில் கடிபட்ட உடல்கள் அதிகம் ஒதுங்குவதால்தான் கூட்டம் இரு பக்கமும் விரிய முடியாமல் நிற்கிறது. பெண்கள் குட்டி போடுவதில் பெரிய குறை இல்லை. வளர்ந்தவை சாவதுதான் குறை.

வாஷிங்டனைப் பாருங்கள். அங்கே தொடங்கியவை இன்னும் குறைவு, ஊற்றும் ஒன்றே. இருந்தும் 2019 கணக்கெடுப்பில் 2,700ஐத் தாண்டிவிட்டன. பன்மை குறைவு மட்டுமே வளர்ச்சியைத் தடுக்கும் என்றால் வாஷிங்டன் முதலில் தடுமாறியிருக்க வேண்டும். புதிய நோய் ஒன்று வந்தால் எல்லாமே ஒரே மாதிரி விழுந்துவிடக்கூடிய ஆபத்து உண்டு என்று எழுதுங்கள். அது நியாயமான கவலை. இன்றைய சாவுகளை அதன் தலையில் ஏற்றுவது சான்றுக்கு மீறிய பேச்சு.

தரவுத்தச்சன்

இரண்டாவது கேள்விக்கு: கோட்பாட்டில் தேவைப்படுவது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. தலைமுறைக்கு ஒரு விலங்கு வந்து, அது வெற்றிகரமாகக் குட்டி ஈன்றாலே தொகைகள் ரொம்ப விலகிப்போகாமல் இருக்கும் என்பது பழைய விதி. ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கொண்டுவருவதில் நான்கில் ஒன்றே இனம் பெருக்கும் என்றால் 7 ஆண்டுக்கு 4 கொண்டுவர வேண்டும். 1987 முதல் 1990 வரை கலிபோர்னியா நிலக்கரையிலிருந்து சான் நிக்கோலஸ் தீவுக்கு 140ஐக் கொண்டுபோனபோது பெரும்பாலானவை நீந்தித் திரும்பின, அல்லது காணாமல் போயின. பழக்கப்பட்ட கடலைத் தேடிப் போகும் குணம் வளர்ந்தவற்றுக்கு அதிகம். இளசுகளைக் கொண்டுபோவதே மேல். இன்னொன்றும் பாருங்கள்: அந்த 140உம் கலிபோர்னியாவுடையவைதான். தீவில் நிலைத்தவை ஏற்கெனவே குறைந்த கைச்சீட்டிலிருந்து மறுபடி எடுத்த சில சீட்டு. எண்ணெய்க் கசிவு வந்தால் காப்பாக இருக்கும், பன்மைக்கு எந்த வரவும் இல்லை. மான்டெரே பே மீன்காட்சியகம் அநாதைக் குட்டிகளை வளர்ப்புத் தாயிடம் விட்டு எல்க்ஹார்ன் கழிமுகத்தில் சேர்ப்பதும் அப்படியே. எண்ணிக்கைக்குப் பெரிய உதவி, அல்லீல் பழையதுதான்.

அலாஸ்கா விலங்கு வேறு துணையினம் என்பதால் சட்டச் சிக்கலும் உண்டு. கலிபோர்னியாத் துணையினம் 1977 முதல் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. நேராகக் கலப்பதைவிட, நடுவில் காலியாகக் கிடக்கும் ஒரிகனை நிரப்பினால் இரு பக்கமும் தானே நெருங்கும் என்ற யோசனைக்கு ஆதரவு இருக்கிறது. அமெரிக்க மீன் வனவிலங்குப் பணித்துறை 2022இல் இதன் சாத்தியத்தை மதிப்பிட்டது.

செப்பேடு

ஒரிகனில் எதை விடுவது என்பதற்கு அங்கே முன்பு எது இருந்தது என்று தெரிய வேண்டும். பழைய ஒரிகன் எலும்புகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரு துண்டை மட்டும் பார்த்த 2008 ஆய்வு கலிபோர்னியாப் பக்கம் சாய்ந்தது. முழு மைட்டோகாண்ட்ரியத்தையும் பார்த்த 2020 ஆய்வு வடக்குப் பக்கம் சாய்ந்தது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. தூரம் போகும் ஆண்களின் தடம் அதில் தெரியாது. அதனால் அதை மட்டும் வைத்து ஊற்றைத் தேர்ந்தெடுக்கக்கூடாது, தாய் தந்தை இருவழியும் வரும் உட்கரு டிஎன்ஏ வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு செய்முறையும் சேருங்கள். ஒரே அளவுப் பாசிமணி 100, பத்து நிறம். தரவுத்தச்சன் சொன்ன வீதமே: இரண்டு நிறம் 35 வீதம், ஆறு நிறம் 4 வீதம், இரண்டு நிறம் 3 வீதம். துணிப்பையில் போட்டுப் பார்க்காமல் ஒரு மணி எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 20 முறை. அதாவது 10 நீர்நாய், ஆளுக்கு இரண்டு அல்லீல். குறித்த நிறங்களை ஐந்தால் பெருக்கி மறுபடி 100 மணி ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே சராசரியாக நான்கு நிறம் காணாமல் போகும். ஹெட்டரோசைகோசிட்டி 0.744இலிருந்து சராசரியாக 0.706க்குத்தான் இறங்கும். ஐந்து சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

தவறும் இடங்கள் மூன்று. மொச்சையும் உளுந்தும் போல அளவு வேறுபட்டவற்றைப் பயன்படுத்தினால் கை பெரியதையே தேடிப் பிடிக்கும். எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டால் இழப்பு குறைந்து தெரியும். 4 மணியுள்ள நிறம் அழியும் வாய்ப்பு 44%இலிருந்து 40%ஆகக் குறையும். ஒரே குழுவின் முடிவை வைத்துப் பேசினால், தற்செயலாக ஹெட்டரோசைகோசிட்டி ஏறியிருப்பதும் உண்டு, மாணவர்கள் குழம்புவார்கள். பத்துக் குழுவாகச் செய்து சராசரியைக் கரும்பலகையில் போடுங்கள். கடைசிச் சுற்றில் இரண்டு குழுக்களின் பைகளை ஒன்றாகக் கொட்டி எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.